பாதை ஏறிப் படுவான்கரைக்கு: வழிகாட்டிகளுடன் ஐந்து நாள்கள்

பெப்ரவரி 17, புளியந்தீவு

கொழும்பிலிருந்து காலையில் புறப்பட்ட உதயதேவி புகையிரதம் பிற்பகலில் மட்டக்களப்பை வந்தடைந்தது. அதிலிருந்து இறங்கிய ஒன்பது விருந்தினரும் தத்தம் நாட்டில் சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்பவர்கள். வியன்னா, எடின்பரோ, நாகசாகி, மலாக்கா, தஞ்சாவூர் என்று தொலைதூர ஊர்களைச் சேர்ந்த அவர்கள், உலகச் சுற்றுலா வழிகாட்டிகள் சங்கங்களின் கூட்டமைப்பின் வழியாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெப்ரவரி 21ஆம் திகதி வரும் சர்வதேசச் சுற்றுலா வழிகாட்டிகள் நாளை இவ்வாண்டு எங்கள் ஊரில் கழிப்பதென்று தமக்குள் முடிவு செய்து, சொந்தச் செலவில் வந்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டமைப்பின் முதல் மாநாடு 1985இல் கூடியது. 1987இல் வியன்னாவில் அது முறையான அமைப்பாக உருவெடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நாட்டில் மாநாடு கூட்டுவதும், 1990 முதல் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 21ஐ வழிகாட்டிகள் நாளாகக் கொண்டாடுவதும் அதன் வழக்கம். பல மாநாடுகளைக் கண்ட வியன்னா அம்மையார், மண்டபத்தில் கேட்ட உரைகளில் பெரும்பகுதி மறந்துவிட்டது என்றும், மாநாட்டின் ஓரத்தில் அந்த ஊர் வழிகாட்டியுடன் நடந்த தெருக்கள்தாம் நினைவில் நிற்கின்றன என்றும் கூறினார். இம்முறை மண்டபத்தை விட்டுத் தெருவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனையே.

எனது தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ், வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் வழங்குகிறது. நாடு முழுவதும் அழைத்துச் செல்லத்தக்க தேசிய வழிகாட்டிகள், வாகனம் ஓட்டியபடியே வழிகாட்டும் சாரதி வழிகாட்டிகள், ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரிய பிரதேச வழிகாட்டிகள், ஒரு தலத்துக்கு மட்டும் உரிய தல வழிகாட்டிகள் என்று அவர்கள் வகுக்கப்படுகிறார்கள். நான் பிரதேச வழிகாட்டி. கிழக்குக்கு வரும் பயணிகளிற் பலர் பாசிக்குடாவுக்கோ அறுகம்பேக்கோ நேராகச் சென்று கடலில் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களை அழைத்து வருபவர் பெரும்பாலும் வேறு மாகாணத்தைச் சேர்ந்த சாரதி வழிகாட்டியாக இருப்பார். அவருக்கு எங்கள் ஊரின் பெயர்ப்பலகைகள் தெரியும். பெயர்களின் பொருள் தெரிவதற்கு வாய்ப்புக் குறைவு. அவரைக் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. ஓர் ஊரைச் சொல்வதற்கு அந்த ஊரின் பேச்சும் தெரிந்த ஒருவர் உடன் வர வேண்டும் என்பதே பல ஆண்டுகளாக என் மனத்திலுள்ள வேண்டுகோள்.

நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் வழியில் வியன்னா அம்மையார் இதே கருத்தை வேறொரு முனையிலிருந்து எடுத்தார். ஐரோப்பாவில் 2003இல் வெளியிடப்பட்ட சுற்றுலாத் துறைச் சொல்வரையறையில், பயணக் குழுவை நடத்திச் செல்பவரும் ஓரிடத்தின் பண்பாட்டையும் இயற்கையையும் பயணி விரும்பும் மொழியில் விளக்கிச் சொல்பவரும் இரு வேறு தொழிலினராகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். பின்னவரே வழிகாட்டி, அவருக்கு அந்தப் பகுதிக்கென்றே பெற்ற தகுதி இருப்பது வழக்கம். ஒஸ்திரியாவில் தேர்ச்சி பெறாதவர் இத்தொழிலைச் செய்ய முடியாது. நாகசாகியிலிருந்து வந்தவர் தம் நாட்டின் நிலையைச் சற்று வருத்தத்தோடு விவரித்தார். 1949இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஜப்பானில் அரசாங்கத் தேர்வில் தேறியவர் மட்டுமே ஊதியத்துக்கு வழிகாட்ட முடிந்தது. 2018இல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, இப்போது பட்டத்தின் பெயர் மட்டுமே காக்கப்படுகிறது.

மாலையில், மட்டக்களப்பு நகரின் நடுவிலுள்ள புளியந்தீவுக் கோட்டைக்கு நடந்தோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதல் கோட்டை இதுவே. இந்த இரண்டு ஆண்டுகளையும் நூற்றுக்கணக்கான தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்று நான் 1638 என்றவுடன் மலாக்காக்காரர், தம் ஊரை அதே ஒல்லாந்துக் கம்பனி போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தது 1641இல் என்றார். நாகசாகிக்காரர், அதே 1641இல் அந்தக் கம்பனி தம் ஊரின் தேஜிமா என்னும் சிறு தீவில் குடியேற்றப்பட்டது என்றார். மூன்றே ஆண்டுகளுக்குள் மூன்று ஊர்களின் தலையெழுத்தில் கை வைத்த ஒரே கம்பனியின் சுவருக்கு முன்னால், மூன்று ஊர்களின் வழிகாட்டிகள் நின்றுகொண்டிருந்தோம். புளியந்தீவுக் கோட்டையை நான் இதுவரை இலங்கை வரலாற்றின் ஓர் ஓரமாகவே சொல்லி வந்திருக்கிறேன். கடலின் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு நெடுந்தெருவின் நடுவீடாகத் தெரிகிறது.

திரும்பும் வழியில், குண்டுத் தாக்குதலுக்கு உள்ளான சியோன் தேவாலயத்தின் எதிர்ப்பக்கத்தில் சிறிது நேரம் நின்றோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அதன்பின் எங்கள் ஊர்ப் பறங்கியர் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குச் சென்றோம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச் சென்ற வழித்தோன்றல்களான இச்சமூகத்தாரிடையே போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது. தச்சு வேலையும் இரும்பு வேலையும் அவர்களின் பரம்பரைத் தொழில்கள். வீட்டுப் பெரியவர் மலாக்காக்காரரைப் பார்த்து அந்த மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். மலாக்காக்காரர் தம் ஊரில் பேசப்படும் கிறிஸ்தாங் என்னும் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் மெல்லப் பதில் சொன்னார். இருவரும் சிறிது நேரம் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அறைக்குள் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். நாற்காலி, சன்னல், மேசை, அடுக்களை என்று அவர்கள் விரல் சென்ற இடமெல்லாம், சிறு ஒலி வேறுபாட்டோடு ஒரே சொல்லே இருவர் வாயிலிருந்தும் வந்தது. எனக்கோ அந்தச் சொற்கள் எதுவும் அந்நியமாகப் படவில்லை. என் அம்மா கதிரையில் இருந்து, சன்னலைத் திறந்து, குசினிக்குள் எட்டிப் பார்த்துப் பேசிய சொற்கள்தாமே அவை. தஞ்சாவூர் நண்பருக்குக் கதிரையும் குசினியும் புதியவை. சன்னலும் மேசையும் சாவியும் அவருடைய வீட்டிலும் உள்ளவை. கோட்டையைக் காட்டிப் போர்த்துக்கேயரைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட, அந்த அறையிலிருந்த நாற்காலியைக் காட்டிப் பேசிய நேரமே அதிகமாயிற்று.

பெப்ரவரி 18, முகத்துவாரம்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமானது. வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் ஏறும்போது மணற்றிட்டை உடைத்துக்கொண்டு அது கடலோடு கலக்கும் இடங்களில் முதன்மையானது பாலமீன்மடுவுக்கு அருகிலுள்ள முகத்துவாரம். காலையில் அங்குள்ள வெளிச்சவீட்டுக்குச் சென்றோம். 1913ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அதன் உயரம் 28 மீற்றர். பெப்ரவரியில் எங்கள் கடல் இன்னும் அடங்கியிருக்காது. அலை சுருண்டு சுருண்டு மணலில் விழுந்துகொண்டிருந்தது.

இன்றைய நாளைப் பற்றி நான் ஒரு வாரமாகவே யோசித்திருந்தேன். வெளிச்சவீட்டிலிருந்து கடலைக் காட்டி நான் வழக்கமாகச் சொல்லும் வரலாறு, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி மூழ்கியது பற்றியது. பிரித்தானியப் பயணிகளுக்கு அதனை ஒரு விதமாகவும், எப்போதாவது வரும் ஜப்பானியருக்கு வேறு விதமாகவும் சொல்லி வந்திருக்கிறேன். பொய் சொன்னதில்லை, அழுத்தம் கொடுக்கும் இடத்தை மாற்றியிருக்கிறேன். இன்று எடின்பரோக்காரரும் நாகசாகிக்காரரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். அழுத்தத்தை எங்கே வைப்பது?

இறுதியில் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்க ஜப்பானியக் கப்பற்படை வருகிறது என்ற செய்தி கிடைத்ததும், ஹேர்மிஸ் முன்னிரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. தாக்குதலின்போது அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. ஜப்பானிய விமானங்கள் அதனைக் கண்டுபிடித்துக் குறுகிய நேரத்துக்குள் மூழ்கடித்தன. துணையாக வந்த வம்பயர் என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் மூழ்கியது. ஹேர்மிஸில் இருந்தவர்களில் 307 பேர் இறந்தனர். அருகில் இருந்த வீற்றா என்னும் மருத்துவக் கப்பல், கடலில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றியது. உடைந்த கப்பல் இன்றும் ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. கடல் அடங்கும் மாதங்களில் நன்கு பயின்ற சுழியோடிகள் மட்டும் அங்கே இறங்குகிறார்கள்.

நான் முடித்ததும் எடின்பரோக்காரர், விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் ஹேர்மிஸ்தான் என்றார். நாகசாகிக்காரர் தலையசைத்துவிட்டு, ஆனால் முதலில் கட்டி முடித்துச் சேவையில் சேர்க்கப்பட்டது 1922இல் ஜப்பானின் ஹோஷோ என்றார். இருவர் சொன்னதும் சரியே. அவர்கள் அதனை ஒரு போட்டியாகச் சொல்லவில்லை. ஒரே பொருளின் இரு பக்கங்களை அளந்து பார்க்கும் இரு தொழிலாளர்களின் குரலே அதில் இருந்தது. தம் ஊரில் வேறொரு குண்டைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பேச வேண்டியிருப்பதாகவும், அமெரிக்கப் பயணிக்கும் சீனப் பயணிக்கும் கொரியப் பயணிக்கும் தம் பேச்சின் ஒரு சொல்லைக்கூட மாற்றாதிருக்கும் பயிற்சியைப் பெறப் பல ஆண்டுகள் பிடித்ததாகவும் நாகசாகிக்காரர் சொன்னார். கேட்பவர் முகத்தைப் பார்த்து வரலாற்றை வளைத்தால், அவர் ஊருக்குத் திரும்பிய பின் அது வளைந்தபடியே அங்கு வாழும் என்றார். நான் என் குறிப்பேட்டை எடுத்து, ஹேர்மிஸ் பற்றி வைத்திருந்த இரண்டு பக்கங்களில் ஒன்றை அங்கேயே குறுக்குக் கோடிட்டு அடித்தேன்.

இன்னொன்றையும் எடின்பரோக்காரரிடம் கற்றுக்கொண்டேன். நான் இதுவரை வெளிச்சவீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுவேன். கேட்பவர்கள் காலை வெயிலுக்கு முகம் கொடுத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். வெயில் எப்போதும் வழிகாட்டியின் முகத்தில் விழ வேண்டும், விருந்தினரின் முதுகில் விழ வேண்டும் என்பது அவர்கள் முதல் வகுப்பில் கற்பிக்கும் பாடம். முதலில் பார்க்க விடுங்கள், பிறகு பேசுங்கள் என்பது இரண்டாவது.

இரவு, கல்லடிப் பாலத்துக்கு அருகிலிருந்து இரண்டு தோணிகளில் வாவிக்குள் சென்றோம். பிரித்தானியர் காலத்துப் பழைய பாலமும், ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மீன் பாடும் ஊர் என்று எங்கள் ஊரை உலகம் அறியும். நிலவுள்ள இரவுகளில் இந்த நீரின் அடியிலிருந்து யாழ் நரம்பைத் தொட்டாற்போன்ற ஓசை எழுவதைப் பற்றி, 1848இல் இங்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எழுதிவைத்தார். 1950களில் அமெரிக்க யேசு சபைக் குருமார் கருவிகளை நீருக்குள் இறக்கி அதனை ஒலிப்பதிவு செய்தார்கள். எங்கள் மீனவர்கள் அதனை மீனின் பாட்டு என்று சொல்வதைவிட ஊரியின் பாட்டு என்றே சொல்வார்கள். ஊரி என்பது நீரடியில் வாழும் சிறு சிப்பி, நத்தை இனத்தின் பெயர். எந்த உயிர் அந்த ஓசையை எழுப்புகிறது என்பது இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை.

தோணி ஓட்டிய அண்ணன் துடுப்பை நீருக்குள் ஊன்றி, அதன் மேல் நுனியில் காதை வைத்துக் கேட்கும்படி காட்டினார். ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேரும் கேட்டார்கள். நீர் தோணியில் மோதும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சித்திரை முதல் புரட்டாசி வரையான அமைதியான மாதங்களே அதற்கு உரிய காலம்; மழை வெள்ளம் இன்னும் வடியாத பெப்ரவரியில் கேட்பது அரிது என்று நான் கரையிலேயே சொல்லியிருந்தேன். ஆயினும் ஏதேனும் கேட்காதா என்று என் மனமும் ஏங்கியது. பதிவு செய்த ஓசையைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்று வியன்னா அம்மையாரே தடுத்துவிட்டார். கேட்க வேண்டுமென்றால் சித்திரைக்குப் பிறகு தாம் மறுபடியும் வருவதாகச் சொன்னார்.

பெப்ரவரி 19, மண்டூர்

இன்றைய நாளில் அதிகம் பேசியது சொற்களைப் பற்றியே.

எங்கள் மக்கள் வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைக்கிறார்கள். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை. கடலும் நகரமும் கடைத்தெருவும் எழுவான்கரையில். வயலும் மாடும் தயிரும் படுவான்கரையில். போரின் ஆண்டுகளில் இந்தப் பெயர்களுக்கு வேறு கனமும் சேர்ந்தது. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்வது ஒரு சோதனைச் சாவடியைக் கடப்பதாக, ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குள் புகுவதாக இருந்தது. வரைபடத்தில் மட்டக்களப்பு மேற்கு என்று அச்சிட்டிருப்பதைப் படித்துக் காட்டினால் இவற்றில் எதுவும் வந்து சேராது.

களுவாஞ்சிக்குடியைத் தாண்டிக் குருமண்வெளித் துறையில் இறங்கியதும், இனிப் பாதையில் ஏற வேண்டும் என்று சொன்னேன். தஞ்சாவூர் நண்பர் திகைத்துப்போய்த் தரையைப் பார்த்தார். எங்கள் பகுதியில் பாதை என்றால், மனிதரையும் மோட்டார்ச் சைக்கிளையும் ஆட்டோவையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்குப் பெயர். முன்பு மண்முனையிலும் பாதைதான் ஓடியது. 2014இல் அங்கே பாலம் வந்தது. தரையில் கிடப்பதற்குத் தெரு என்றும், நீரில் நகர்வதற்குப் பாதை என்றும் பெயரிட்ட இந்தப் பேச்சு வழக்கை நான் விளக்கியபோது, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அவர் தம் குறிப்பேட்டில் அதனை எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள்.

மறுகரையில் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயல்வெளியை இங்கே வட்டை என்போம். பெரிய அறுவடை இயந்திரம் ஒரே நாளில் பல ஏக்கரை முடித்துவிடுகிறது. களவெட்டி என்னும் நெற்களம் அமைத்து, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, மாடு கட்டி மிதித்த காலம் என் தகப்பனாரோடு போயிற்று. வட்டையோரக் குடிசையில் இருந்த ஒரு மூதாட்டி, "இரிங்க மனே, தயிர் தின்னிட்டுப் போங்க" என்று அழைத்து, மண்சட்டியிலிருந்து எருமைத் தயிரை வெட்டிப் போட்டார். களவெட்டிக்குள் அந்நாளில் நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றே சொல்ல வேண்டும் என்று அவர் விவரித்தார். ஏன் என்று நாகசாகிக்காரர் கேட்டார். "பேர் சொன்னா குறைஞ்சிரும்" என்பதே அவருடைய பதில். வீடு யாருடையது என்று வியன்னா அம்மையார் வினவ, தன் தாய் தனக்குக் கொடுத்தது என்றும், அதனைத் தான் மகளுக்குக் கொடுத்துவிட்டதாகவும் மூதாட்டி சொன்னார். கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பின்பற்றும் தாய்வழிக் குடிமுறையைப் பற்றி நான் வண்டியில் அரைமணி நேரம் பேசத் திட்டமிட்டிருந்தேன். மூதாட்டியின் இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு அதற்குத் தேவை இருக்கவில்லை.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். இங்கே பூசை செய்பவரைக் கப்புகனார் என்று அழைப்பது வழக்கம். அவர் மந்திரம் ஓதுவதில்லை. துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஆண்டுக்கணக்காகப் பயணிகளுக்கு விளக்கம் சொல்லி வரும் நண்பர், கல்வெட்டும் விமானமும் ஓதுவாரும் இல்லாத இந்த ஓட்டுக்கூரையின் கீழ் நெடுநேரம் கைகூப்பி நின்றார். வெளியே வந்ததும், உள்ளே எங்களுக்கு ஏன் எதுவும் சொல்லவில்லை என்று ஒருவர் என்னைக் கேட்டார். வாய் கட்டிப் பூசை நடக்கும் இடத்தில் நான் வாய் திறப்பது சரியாக இருக்காது என்றேன். சொல்ல வேண்டியவற்றைப் பாதையிலேயே சொல்லிவிட்டேன் என்பதும் காரணம். எடின்பரோக்காரர், தம் நாட்டுத் தேர்வில் தேவாலயத்துக்குள் மெதுவாகப் பேசப் பழக்குவார்கள், பேசாமலிருக்கப் பழக்குவதில்லை என்றார்.

பெப்ரவரி 20, கல்முனை, காரைதீவு

காத்தான்குடியின் நெருக்கமான கடைவீதியைக் கடந்து தெற்கே சென்றோம். மருதமுனையில் கைத்தறி நெசவு செய்யும் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) தறியை நிறுத்திவிட்டுச் சாரன் நெய்யும் முறையைப் பொறுமையாகக் காட்டினார். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் பிறந்த இடத்தைப் பார்த்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, வழக்கொழிந்த யாழைப் பற்றிய ஆராய்ச்சியை நூலாக வெளியிட்ட 1947ஆம் ஆண்டிலேயே மறைந்த அந்தப் பெருமகனை, யாழின் ஓசை கேட்கும் வாவிக்கரை தந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். அவர்களிடமும் அப்படியே சொன்னேன்.

ஆனால் இன்றைய பயணத்தின் உண்மையான காரணம் கல்முனைக் கடற்கரை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை இந்தக் கரையோரத்தைக் கடல் கொண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தொடரும் இந்த ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்கமாக அமைந்தவை. தப்பி ஓட மேடும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பயண நிறுவனத்தார் என்னிடம் சுனாமியைப் பற்றிப் பேச வேண்டாம், விருந்தினர்கள் சோர்ந்துபோவார்கள் என்று கண்டித்துச் சொன்னார்கள். பல மாதங்கள் நான் அதற்குக் கட்டுப்பட்டேன். தென்னைகளுக்கிடையே மொட்டையாக நின்ற அத்திவாரங்களைப் பார்த்து இவை என்ன என்று ஒரு பயணி கேட்க, பழைய வீடுகள் என்று சொல்லிவிட்டு நகர்ந்த நாள் எனக்கு மறக்காது. அந்த வீடுகளில் ஒன்றில் என் பெரியம்மா இருந்தார்.

இன்று அதனை அவர்களிடம் சொன்னேன். சிறிது நேரம் கழித்து நாகசாகிக்காரர், சுனாமி என்பது தம் மொழிச் சொல் என்றும், துறைமுகம், அலை என்னும் இரு சொற்களின் சேர்க்கை என்றும் கூறிவிட்டு, அந்தக் காலையில் உங்கள் மக்கள் அதனை எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்று கேட்டார். அந்தக் காலையில் எங்களிடம் பெயர் இருக்கவில்லை. "கடல் வருது" என்றே கத்தினார்கள். சுனாமி என்ற சொல் வானொலி வழியாகப் பின்னரே வந்தது. தஞ்சாவூர் நண்பர், தமிழகத்தில் ஆழிப்பேரலை என்று எழுதுகிறோம், பழைய இலக்கிய மரபில் கடல்கோள் என்ற சொல்லும் உண்டு என்றார். சொல் இருந்திருக்கிறது, அதன் பொருளை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் அனெயோஷி என்னும் சிற்றூரில், 1933ஆம் ஆண்டு அழிவுக்குப் பின் நடப்பட்ட ஒரு கல்லில், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று செதுக்கியிருப்பதையும், 2011இல் கடல் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டதையும் நாகசாகிக்காரர் எடுத்துரைத்தார். தம் நாட்டு வழிகாட்டிகள் அந்தக் கல்லைப் பற்றிப் பேசுவதைத் தவிர்ப்பதில்லை என்றும், அந்தக் கல் பேசுவதற்காகவே நடப்பட்டது என்றும் சொன்னார்.

பிற்பகலில் திருக்கோவிலைக் கடந்து, இலங்கையின் கிழக்கு முனையான சங்கமன்கண்டியில் இறங்கிக் கடலைப் பார்த்தோம். அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்க இன்னும் இரண்டு மாதங்கள் இருப்பதால் கடைகள் பல மூடியிருந்தன. ஆளுக்கொரு பிளேன்டி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பெப்ரவரி 21, மட்டக்களப்பு

வழிகாட்டிகள் நாளான இன்றே தாய்மொழி நாளும் ஆகும். 1952இல் வங்க மொழிக்காக டாக்காவில் உயிர் நீத்த மாணவர்களின் நினைவாக, யுனெஸ்கோ 1999இல் அறிவித்த நாள் அது. இரண்டும் ஒரே திகதியில் விழுவது தற்செயலே. ஆயினும் நான்கு நாள்கள் சொற்களின் பின்னால் நடந்து வந்த எங்களுக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

வழிகாட்டியாக விரும்பும் உள்ளூர் இளையோர் இருபது பேர் அளவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடியிருந்தார்கள். உரைகளைச் சுருக்கிக்கொண்டு, எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று, கண்ணில் படும் ஒரு பொருளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னோம். பெரும்பாலானோர் மனப்பாடம் செய்த ஆண்டுகளை ஒப்பித்தார்கள். வவுணதீவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி மட்டும் வாவிக்கரையில் கிடந்த ஒரு தோணியின் அருகே போய் நின்றாள். வெயிலைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டாள். நாங்கள் தோணியைப் பார்த்து முடிக்கும்வரை பேசாமலிருந்தாள். பிறகு, "இது எங்கட அப்பாட தோணி மாதிரி" என்று தொடங்கினாள். ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டே வந்தவள், ஊரி என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடாமல், கரை மணலைக் கிளறி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக் காட்டினாள்.

மாலையில் வியன்னா அம்மையார் ஒரு தாளை எடுத்து, எங்கள் ஊரைப் பற்றி எந்த மொழியில் பேசினாலும் மாற்றாமல் அப்படியே சொல்ல வேண்டிய சொற்களை எழுதும்படி கேட்டார். படுவான்கரை, எழுவான்கரை, பாதை, ஊரி, வட்டை, களவெட்டி, பொலி, கப்புகனார் என்று எழுதினோம். மூதாட்டியின் மனேயைச் சேர்க்க வேண்டுமென்று மலாக்காக்காரர் வற்புறுத்த, அதனையும் சேர்த்தோம். தஞ்சாவூர் நண்பர் குசினியைச் சேர்த்தார். அவற்றுள் சிலவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பழக வேண்டுமென்று நாகசாகிக்காரர் கேட்டு, ழகரத்துடன் நெடுநேரம் போராடினார். ஒன்பது பிரதிகள் எடுக்கப்பட்டன. பத்தாவது என் குறிப்பேட்டில், அடித்த பக்கத்துக்கு எதிரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இரவு, கொழும்புக்குப் புறப்படும் பாடும்மீன் புகையிரதத்துக்காக நிலையத்தில் நின்றோம். வவுணதீவுத் தங்கச்சியும் வழியனுப்ப வந்திருந்தாள். பயணிகள் ஏறிய பின் தலைகளை எண்ணுவது வழிகாட்டியின் கடைசி வேலை. நான் எண்ண வாயெடுத்தபோது, அவள் யன்னல் யன்னலாக நடந்து விரல் நீட்டி எண்ணத் தொடங்கிவிட்டாள். ஒன்று, இரண்டு என்று அவள் சொல்லச் சொல்ல, உள்ளேயிருந்த ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தமிழில் திருப்பிச் சொன்னார்கள். ஒன்பது என்று மலாக்காக்காரர் சொன்னதும் வண்டி நகர்ந்தது.